முழுசா வாங்கு, மூடியைத் திறக்காதே!

செப்டம்பர் கடைசியில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் வசிக்கும் தமிழர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரே மாதிரிப் படங்கள்தான் வரும். ஆப்பிள் மரம், கையில் ஒரு பை, பை நிறைய ஆப்பிள். தோட்டத்துக்குள் போய்த் தாங்களே பறித்துக்கொள்ளலாம். பைக்கு இவ்வளவு என்று விலை. ஒரு ‘பெக்’ என்றால் ஏறத்தாழ நாலரை கிலோ. மரத்தடியில் நிற்கும்போது யாருக்கும் கணக்குத் தெரியாது. வீட்டுக்கு வந்து சமையல் மேடையில் கொட்டிய பிறகுதான், ‘இத்தனையையும் யார் சாப்பிடுவது?’ என்ற கேள்வி வரும்.

2023-ல் பாஸ்டனுக்கு மேற்கே ஒரு வீட்டில் அப்படி இரண்டு பெக் ஆப்பிள் வந்து இறங்கியது. அந்த வீட்டில் கணவன், மனைவி, பத்து மாதக் கைக்குழந்தை. பேரனைப் பார்த்துக்கொள்ள கும்பகோணத்திலிருந்து ஆறு மாதம் தங்குவதற்காக வந்திருந்த 63 வயது அம்மா. ஆப்பிள் குவியலைப் பார்த்து அவர் கேட்ட முதல் கேள்வி, “யாருக்குடி உடம்பு சரியில்லை?”

கும்பகோணத்தில் ஆப்பிளுக்கு அதுதான் அர்த்தம். ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவரைப் பார்க்கப் போனால் அரை கிலோ ஆப்பிள், ஒரு பாட்டில் ஹார்லிக்ஸ். அவருக்குத் தெரிந்த ஆப்பிள், அடியில் ஐந்து புடைப்போடு இருக்கும் சிவப்பு ‘டெலிஷியஸ்’தான். அதுவே அமெரிக்கச் சரக்கு என்று மாப்பிள்ளை சொன்னபோது அவர் நம்பவில்லை. ஆனால் உண்மை அதுதான். அமெரிக்காவிலிருந்து வந்து இமாச்சலத்தின் கோட்கர் பகுதியில் குடியேறிய சாமுவேல் ஸ்டோக்ஸ், 1916-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அங்கே நட்ட அமெரிக்கக் கன்றுகளிலிருந்துதான் இமாச்சலத்தின் பெரிய ஆப்பிள் வியாபாரம் வளர்ந்தது.

மாசசூசெட்ஸ் தோட்டங்களில் ‘மெக்கின்டாஷ்’ என்ற ரகம் அதிகம். பாதி சிவப்பு, பாதி பச்சை. கொஞ்சம் புளிப்பு. பறித்த ஒரு வாரம் கடித்தால் நறுக்கென்று இருக்கும். நாளாக நாளாக மாவு போல ஆகிவிடும். அப்புறம் யாரும் கையால் தொடமாட்டார்கள். அக்டோபர் பாதியில் அந்த வீட்டு ஆப்பிள்களுக்கும் அந்தக் கதிதான். பாதிக்கு மேல் குளிர்சாதனப் பெட்டியின் அடித்தட்டில் கிடந்தன.

அம்மாவுக்கும் அந்த ஆப்பிள்களுக்கும் அப்போது பெரிய வித்தியாசம் இல்லை.

நாற்பது வருஷம் சமையலறையை ஆண்டவர் அவர். இங்கே அடுப்பு என்றால் கறுப்புக் கண்ணாடிப் பலகை. நெருப்பே தெரியாது. வந்த மூன்றாம் நாள் கடுகு தாளித்தபோது கூரையில் இருந்த புகை எச்சரிக்கை மணி வீடே அதிரும்படி அலறியது. மாப்பிள்ளை நாற்காலி மேல் ஏறித் துண்டால் விசிறி அதை அடக்கினார். “பரவாயில்லை அத்தை, இங்கே எல்லார் வீட்டிலும் நடக்கிறதுதான்” என்றார். குழந்தை வீறிட்டு அழுதது. அதிலிருந்து அம்மா தாளிப்பையே குறைத்துக்கொண்டார்.

இன்னொரு விஷயமும் இருந்தது. அது சின்ன விஷயம் இல்லை.

ஊரிலிருந்து வரும்போது உரைமருந்து சாமான்களை ஒரு டப்பாவில் போட்டுக் கொண்டுவந்திருந்தார். வசம்பு, மாசிக்காய், ஜாதிக்காய், கடுக்காய், உரசுவதற்கு ஒரு சின்னக் கல். மகள் அதைப் பார்த்ததும் எடுத்து அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டாள். “டாக்டர் கண்டிப்பா வேண்டாம்னு சொல்லியிருக்காங்கம்மா. இதுல எது எவ்வளவு உள்ளே போகுதுன்னு யாருக்குத் தெரியும்?” டாக்டர் சொன்னதில் தப்பில்லை. ஜாதிக்காய் அளவு மீறினால் பெரியவர்களுக்கே ஆகாது. அம்மா வாதாடவில்லை. ஆனால் அதே மகள், கடையில் வாங்கிய பிளாஸ்டிக் பையின் மூக்கைத் திருகிக் குழந்தையின் வாயில் வைப்பதைத் தினமும் பார்த்துக்கொண்டிருந்தார். வெறும் ஆப்பிள் கூழ், ஆப்பிளும் வாழைப்பழமும், பட்டை சேர்த்த ஆப்பிள் கூழ் என்று பல தினுசு. எந்தக் கடையில் தள்ளுபடியோ அந்தக் கம்பெனிப் பை.

அமெரிக்கக் குழந்தைகளுக்கு ஆப்பிள் கூழ், அதாவது ‘ஆப்பிள் சாஸ்’, பருப்புசாதம் மாதிரி. பல் முளைக்கும்போது அதுதான். வயிற்றுப்போக்கு என்றால் வாழைப்பழம், சோறு, ரொட்டியோடு அதுவும். பெரியவர்களுக்குப் பன்றிக்கறியோடு தொட்டுக்கொள்ள அதுதான். 1962-ல் ஜான் கிளென் பூமியைச் சுற்றி வந்தபோது விண்கலத்தில் பற்பசை போன்ற குழாயிலிருந்து பிதுக்கிச் சாப்பிட்டதும் ஆப்பிள் சாஸ்தான். அதனால் மகளைக் குறை சொல்லவும் முடியாது. எல்லாரும் கொடுப்பதைத்தான் அவளும் கொடுத்தாள்.

அக்டோபர் கடைசியில் அந்தச் செய்தி வந்தது. வட கரோலினா மாநிலத்தில் நான்கு குழந்தைகளின் ரத்தத்தில் ஈயம் அதிகமாக இருந்தது. எங்கிருந்து வந்தது என்று அதிகாரிகள் தேடியபோது, அந்தக் குழந்தைகள் சாப்பிட்ட பட்டை சேர்த்த ஆப்பிள் கூழ்ப் பைகள் அகப்பட்டன. அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் எச்சரிக்கை விட்டது. அடுத்த சில நாட்களில் திரும்பப் பெறும் பட்டியலில் இன்னும் சில பெயர்கள் சேர்ந்தன.

ஈயம் உள்ளே போனால் குழந்தை உடனே வாந்தி எடுக்காது, காய்ச்சல் வராது. சிரித்துக்கொண்டு விளையாடும். பாதிப்பு மூளை வளர்ச்சியில், படிப்பில், நடத்தையில் பின்னால்தான் தெரியும். குழந்தையின் உடம்பில் இவ்வளவு ஈயம் இருந்தால் பரவாயில்லை என்று எந்த அளவும் கிடையாது.

மகள் அன்று ராத்திரி அலமாரியைக் காலி செய்தாள். இருந்த பைகளில் பட்டியலில் உள்ள பெயர் எதுவும் இல்லை. ஆனால் தீர்ந்துபோய்க் குப்பைக்குப் போன பைகள்? அவற்றின் பெயர் யாருக்கு ஞாபகம் இருக்கும்? குப்பை வண்டி எப்போதோ போய்விட்டது.

மாசசூசெட்ஸில் எப்படியும் ஒரு வயதுக்குள் குழந்தைக்கு ஈயப் பரிசோதனை செய்தாக வேண்டும். 2 வயதிலும் 3 வயதிலும் மறுபடி உண்டு. அதை முன்கூட்டியே செய்துவிடலாம் என்றார் டாக்டர். மறுநாளே ரத்தம் எடுத்தார்கள். முடிவு வர இரண்டு நாள் ஆகும் என்றார்கள்.

வீட்டுக்கு வந்ததும் மகள் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். ‘என் உரைமருந்தை மேலே தூக்கி வைத்தாயே, உன் பையில் என்ன இருந்தது பார்த்தாயா?’ என்று ஒரு வார்த்தை வரும் என்று எதிர்பார்த்திருப்பாள். வரவில்லை. அம்மா அடித்தட்டைத் திறந்து வாடிய ஆப்பிள்களை எடுத்து மேடையில் வைத்தார். பிறகு, குளிர்சாதனப் பெட்டியின் தலையில் பிரிக்கப்படாமல் இருந்த ஒரு அட்டைப்பெட்டியைக் காட்டிக் கேட்டார்.

“அது என்னடி, ரொம்ப நாளா உக்காந்திருக்கு?”

“ஸ்லோ குக்கர்மா. கல்யாணத்துக்கு ஆபீஸ்ல குடுத்தது. அதுல எதைப் போட்டாலும் ஆறு மணி நேரம் ஆகும். யாருக்கு இருக்கு அவ்வளவு நேரம்?”

“எனக்கு இருக்கு. இறக்கு.”

பெட்டிக்குள் இருந்தது ஒரு பீங்கான் சட்டி. அதைச் சுற்றி உலோகக் கூடு, கூட்டின் சுவருக்குள் சூடேற்றும் கம்பி. மேலே கண்ணாடி மூடி. முன்பக்கம் ஒரு திருகு, அதில் லோ, ஹை, வார்ம் என்று மூன்று நிலைகள். அவ்வளவுதான். விசில் கிடையாது, புகை கிடையாது, கூரை மணி அலறாது. லோ, ஹை இரண்டிலும் கடைசியில் எட்டும் சூடு கிட்டத்தட்ட ஒன்றுதான். எவ்வளவு நேரத்தில் எட்டுகிறது என்பதில்தான் வித்தியாசம்.

இந்தச் சட்டிக்குப் பின்னாலும் ஒரு அம்மாவின் கதை உண்டு. சிகாகோவில் வாழ்ந்த யூதரான இர்விங் நாக்சனுக்கு அவருடைய அம்மா லித்துவேனியாவில் கழித்த இளமைக் காலத்தைச் சொல்வாராம். சனிக்கிழமை ஓய்வு நாள், அன்றைக்கு நெருப்பு மூட்டக் கூடாது. அதனால் வெள்ளிக்கிழமை சாயங்காலமே பீன்ஸும் கறியும் போட்ட பானையை ஊர் ரொட்டிக்கடை அடுப்பில் வைத்துவிடுவார்கள். அணைந்துகொண்டே இருக்கும் அந்தச் சூட்டில் அது ராத்திரி முழுவதும் வெந்து, மறுநாள் சாப்பாடாகும். அதை மனதில் வைத்து நாக்சன் செய்த மின்சாரச் சட்டிக்கு 1940-ல் காப்புரிமை கிடைத்தது. 1970-ல் வேறொரு நிறுவனம் அவருடைய கம்பெனியை வாங்கி, 1971-ல் ‘கிராக்-பாட்’ என்ற பெயரில் விற்க ஆரம்பித்த பிறகுதான் அது வீட்டுக்கு வீடு போனது.

மாப்பிள்ளை இதைச் சொன்னபோது அம்மாவுக்கு ஆச்சரியமாக இல்லை. அவருடைய பாட்டி வீட்டில் வறட்டித் தணலில் மண்சட்டிப் பால் காலையிலிருந்து சாயங்காலம் வரை இருக்கும். பொங்கவும் பொங்காது, அடியும் பிடிக்காது. மேலே பழுப்பு நிறத்தில் ஆடை கட்டும்.

முதல் நாள் கூழ் சரியாக வரவில்லை. பழக்கதோஷத்தில் ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றிவிட்டார். ஸ்லோ குக்கரில் ஆவி வெளியே போகாது. மூடியில் முட்டி முட்டிச் சட்டிக்குள்ளேயே சொட்டும். போதாததற்கு, என்ன ஆகிறது என்று அரை மணிக்கு ஒரு தடவை மூடியைத் தூக்கிப் பார்த்தார். ஒவ்வொரு தடவை தூக்கும்போதும் சேர்ந்த சூடு போய்விடும். அது திரும்ப ஏற இருபது நிமிஷத்துக்கு மேல் ஆகும். ஆறு மணி நேர வேலை ஒன்பது மணி நேரம் இழுத்தது. கிடைத்ததோ ஆப்பிள் ரசம்.

இரண்டாம் நாள் அளவு பிடிபட்டது. இரண்டு கிலோ ஆப்பிள், நடுத்தரப் பழமாக இருந்தால் பன்னிரண்டு. மெக்கின்டாஷ் குழைந்துவிடும் ரகம் என்பதால் முக்கால் பங்கு அது. கால் பங்கு வேறு இனிப்பான ஆப்பிள். அழுகியது கூடாது. வாடியது, மாவானது பரவாயில்லை. தோலைச் சீவி, நான்காக வெட்டி, விதையையும் நடுத்தண்டையும் எடுத்துவிட வேண்டும். அரை டம்ளருக்கு மேல் தண்ணீர் கூடாது. நிறம் கறுக்காமல் இருக்க அரை மூடி எலுமிச்சைச் சாறு, ஒரு சிட்டிகை உப்பு. சர்க்கரை தேவையே இல்லை. ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தேன் ஆகவே ஆகாது. அதில் இருக்கக்கூடிய நுண்ணுயிர் பிஞ்சுக் குடலில் வளர்ந்து விஷத்தை உண்டாக்கலாம். ‘லோ’வில் வைத்து மூடிவிட்டால் ஆறு மணி நேரம். அதுவரை மூடியைத் தொடக் கூடாது.

மசாலா விஷயத்தில்தான் அன்று வீட்டில் பேச்சு வந்தது. மகளின் அலமாரியில் பட்டைப் பொடி பாட்டில் ஒன்று இருந்தது. அம்மா அதை எடுத்துக் குப்பையில் போட்டார்.

“அம்மா, அது நல்ல கம்பெனி. எல்லாப் பொடியிலும் விஷம் இருக்காது.”

“எதுல இருக்குன்னு பார்த்தா தெரியுமா?”

மகளிடம் பதில் இல்லை.

கும்பகோணத்தில் அவர் மஞ்சள் பொடி வாங்கியதே கிடையாது. கிழங்கு மஞ்சளாக வாங்கி, மொட்டை மாடியில் காயவைத்து, மில்லில் வரிசையில் நின்று, தன் கண் முன்னால் அரைத்து வாங்கி வருவார். மிளகாய், மல்லிக்கும் அதே கதைதான். இது பழைய கால வீம்பு என்று மகள் கேலி செய்திருக்கிறாள். ஆனால் காரணம் இருக்கிறது. மஞ்சளுக்கு நல்ல நிறம் வர ஈயக் குரோமேட் என்ற மஞ்சள் சாயத்தைச் சேர்க்கும் மோசடி உண்டு. பங்களாதேஷில் அது ஆய்வில் வெளியாகி, 2019-ல் அரசு நடவடிக்கை எடுத்தது.

இந்திய மளிகைக் கடையிலிருந்து மாப்பிள்ளை முழுப் பட்டை வாங்கி வந்தார். அதிலும் இரண்டு வகை. ஒன்று தடித்த தோல், ஒரே சுருளாக இருக்கும். அது ‘காசியா’. பிரியாணிக்குப் போடுவது பெரும்பாலும் அதுதான். இன்னொன்று காகிதம் போல மெல்லிய தோல், பல அடுக்காகச் சுருட்டுப் போலச் சுருண்டிருக்கும். கையால் நொறுக்கலாம். அது இலங்கைக் கறுவா. காசியாவில் ‘கூமரின்’ என்ற பொருள் அதிகம். அளவு மீறித் தொடர்ந்து சாப்பிட்டால் ஈரலைப் பாதிக்கக்கூடியது அது. கறுவாவில் மிகக் குறைவு. குழந்தை சாப்பிடுவதால் கறுவாவையே எடுத்தார்கள். இரண்டு அங்குலத் துண்டு ஒன்று. மூன்று கிராம்பைச் சின்னத் துணி முடிச்சாகக் கட்டிப் போட்டார். வெந்ததும் இரண்டையும் மறக்காமல் எடுத்துவிட வேண்டும். ஜாதிக்காய் துளி சேர்த்தால் மணம் தூக்கும்தான். அம்மா சேர்க்கவில்லை. “டாக்டர் வேண்டாம்னு சொன்னாரே” என்றார். குத்தலாகச் சொல்லவில்லை.

அன்று சட்டி தன்பாட்டுக்கு வெந்துகொண்டிருந்தது. மகள் வேலைக்கு லீவு போட்டுவிட்டு, போனைக் கையில் வைத்தபடி சமையலறையிலேயே உட்கார்ந்திருந்தாள். பரிசோதனை முடிவு போனில்தான் வரும். நிமிஷத்துக்கு ஒரு தடவை பார்த்தாள். அம்மா எதுவும் சொல்லாமல் குழந்தையைத் தூக்கி அவள் மடியில் வைத்தார். நாலாவது மணி நேரத்தில் பட்டை மணம் வர ஆரம்பித்தது. சமையலறையில், மாடிப்படியில், துவைத்து மடித்த துணியில்கூட.

மூடியைத் திறந்தபோது ஆப்பிள் துண்டுகள் உருவத்தோடு இருந்தன, தொட்டதும் கரைந்தன. ஊரிலிருந்து கொண்டுவந்த கீரை மத்தை எடுத்துக் கடைந்தார். பிளெண்டரில் அடித்தால் பசை மாதிரி ஆகிவிடும். மத்து கொஞ்சம் கொஞ்சம் கட்டியை விட்டுவைக்கும். மெல்லப் பழகும் குழந்தைக்கு அதுதான் தேவை. வெளிர்பழுப்பு நிறத்தில், கரண்டியைச் சாய்த்தால் மெதுவாக வழியும் பதத்தில், ஆறேழு கப் வந்தது. தண்ணீராகத் தெரிந்தால் கடைசி ஒரு மணி நேரம் மட்டும் மூடியைச் சற்றுத் தள்ளி வைத்துச் சுண்ட விடலாம். ஆறியதும் ஐஸ் தட்டில் ஊற்றி உறையவைத்தார். வேண்டும்போது இரண்டு கட்டி எடுத்துச் சூடாக்கி ஆறவைத்தால் போதும். உறையவைக்காமல் வெளித்தட்டில் வைப்பதைக் குழந்தைக்கு இரண்டு நாளுக்கு மேல் கொடுக்கவில்லை.

குழந்தை முதல் கரண்டியைத் துப்பியது. இரண்டாவதை யோசித்தது. மூன்றாவதற்கு வாயைத் திறந்துகொண்டு முன்னால் வந்தது.

முடிவு சாயங்காலம் வந்தது. ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் ஒரு மைக்ரோகிராமுக்கும் கீழே. கவனிக்க வேண்டிய அளவு என்று அமெரிக்கா வைத்திருப்பது 3.5. மகள் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு அழுதாள். “அதான் ஒண்ணும் இல்லையே, எதுக்குடி அழறே?” என்று அம்மா கேட்டார். பிறகு அவரும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அத்தனை குடும்பங்களுக்கும் அந்த நிம்மதி கிடைக்கவில்லை. உறுதியானதும் சந்தேகத்துக்குரியதுமாக 400-க்கும் மேற்பட்டவர்கள் கணக்கில் வந்தார்கள். பெரும்பாலும் சின்னக் குழந்தைகள். ஈயம் ஆப்பிளில் இல்லை, பட்டைப் பொடியில் இருந்தது என்று விசாரணையில் தெரிந்தது. ஈக்வடார் நாட்டுத் தொழிற்சாலையில் எடுத்த பொடியில் பத்து லட்சத்தில் 2,270 பங்கு முதல் 5,110 பங்கு வரை ஈயம். பட்டை வகைகளுக்குச் சர்வதேச உணவுத் தர அமைப்பு அப்போது பரிசீலித்து வந்த உச்ச அளவே 2.5 பங்குதான். அதிகபட்சத்தை எடுத்துக்கொண்டால் ஏறத்தாழ 2,000 மடங்கு.

அதில் ஒரு விவரம் அம்மாவுக்கு மறக்கவே இல்லை. அந்தப் பொடிக்கான பட்டை இலங்கையிலிருந்து வாங்கியது. அரைக்காத முழுப் பட்டையைச் சோதித்தபோது அதில் ஈயக் கலப்பு இல்லை. மரத்திலிருந்து உரித்து, சுருட்டி, காயவைத்துக் கொடுத்தவர்களின் கையில் அது சுத்தமாகத்தான் இருந்தது. நடுவில் எங்கேயோ பொடியாகும்போதுதான் விஷமானது.

“முழுசா இருக்கிற வரைக்கும் ஏமாத்தறது கஷ்டம்டி” என்றார் அவர். முழுசாக வாங்கிவிட்டால் எல்லா ஆபத்தும் போய்விடும் என்று இல்லை. மண்ணிலும் தண்ணீரிலும் கலப்பு இருந்தால் முழுப் பட்டைக்கும் அது வரலாம். ஆனால் கண்ணுக்குத் தெரியாத ஒரு கை குறுக்கே வருவதற்கான இடம் குறைகிறது. மகள் ஒரு சின்ன அரவை மிஷின் வாங்கினாள். அலமாரியில் பொடி பாட்டில்கள் குறைந்து, மிளகு, சீரகம், பட்டை எல்லாம் முழுசாக வந்து உட்கார்ந்தன. உரைமருந்து டப்பா மட்டும் மேல்தட்டிலேயே இருந்தது. அதை எடுக்கச் சொல்லி அம்மாவும் கேட்கவில்லை.

டிசம்பரில் அவர் கிளம்பும்போது ஸ்லோ குக்கரைப் பெட்டியில் வைத்துக் கொடுக்க மகளுக்கு ஆசை. அங்கே மின்சாரம் 120 வோல்ட், கும்பகோணத்தில் 230. சொருகினால் புகைந்துவிடும் என்று மாப்பிள்ளை தடுத்துவிட்டார். மத்தை மட்டும் அம்மா அங்கேயே விட்டுவிட்டு வந்தார்.

ஊருக்கு வந்த பிறகும் ஆப்பிள் கூழ் செய்கிறார். வீட்டுக்காரருக்குப் பல் போய்விட்டதால் அவருக்குப் பிடித்திருக்கிறது. மார்க்கெட்டில் கிடைக்கும் இமாச்சல ஆப்பிள், அதே அரை டம்ளர் தண்ணீர், ஆனால் பிரஷர் குக்கரில் இரண்டு விசில்.

“ஆறு மணி நேரம் வேகணும்னு சொன்னியேம்மா?” என்று போனில் மகள் கேட்டாள்.

“அங்கே எனக்கு நேரம் இருந்தது. இங்கே வேலை இருக்கு” என்றார் அம்மா. “பட்டையை மட்டும் முழுசாத்தான் போடறேன்.”